மஸ்டாங்கா, கமாரோவா, சாலஞ்சரா: பழைய வி8 கார் வாங்கப்போகிறவருக்கு

நீங்கள் கேட்டிருப்பது இது: 2018-ஐ ஒட்டிய ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லே கமாரோ எஸ்எஸ், டாட்ஜ் சாலஞ்சர் ஸ்காட் பேக் ஆகிய மூன்றில் எதன் என்ஜின் சிறந்தது, எதன் உட்புறம் வசதியானது, எதற்கு வேகம் அதிகம்? அலுவலக நண்பர் ஒருவர், "கமாரோவிலும் டாட்ஜிலும் இருப்பது 1950-களின் தொழில்நுட்பம், மஸ்டாங் ஒன்றுதான் நவீன என்ஜின்" என்று சொன்னதாகவும், அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரிகள்தான் எனக்கு முக்கியமாகப் பட்டன. வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, ஊரிலிருந்து அம்மா வந்து ஆறு மாதம் தங்கப்போகிறார், அமெரிக்காவின் ஓஹாயோ பனியில் ஓட்ட வேண்டும், வீட்டில் இது ஒன்றுதான் கார். அப்படியானால் உண்மையான கேள்வி எது வேகமானது என்பதில்லை. நெடுநாள் ஆசையும் தீர வேண்டும், குடும்பமும் சிரமப்படக் கூடாது, அதற்கு எந்த வி8 கார் (வி வடிவில் எட்டு சிலிண்டர்கள் உள்ள என்ஜின் கொண்டது) ஒத்துவரும் என்பதே கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

மெக்கானிக்கல் படித்துவிட்டு மிச்சிகனுக்கு வந்து எனக்கு 19 ஆண்டுகள் ஆகின்றன. வேலை நாள்களில் என்ஜின் சோதனைக்கூடம், சனிக்கிழமைகளில் நண்பர் ஒருவரின் ஒர்க்‌ஷாப். என்ஜின், கியர்பாக்ஸ் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். காப்பீடு, மறுவிற்பனை விலை பற்றிச் சொல்வதைப் பக்கத்து வீட்டுக்காரரின் அபிப்பிராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

'பழைய தொழில்நுட்பம்' என்ற பேச்சு பாதி உண்மை. என்ஜினில் வால்வுகளைத் திறந்து மூட வைப்பது கேம்ஷாஃப்ட். மஸ்டாங்கின் 5 லிட்டர் கொயோட்டி என்ஜினில் நான்கு கேம்ஷாஃப்டுகள் இருக்கின்றன. பக்கத்துக்கு இரண்டாக, சிலிண்டர் தலைகளின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. சிலிண்டருக்கு நான்கு வால்வுகள், மொத்தம் 32. கமாரோவின் 6.2 லிட்டர் எல்டி1 என்ஜினிலும் சாலஞ்சரின் 6.4 லிட்டர் ஹெமியிலும் ஒரே ஒரு கேம்ஷாஃப்ட்தான். அது தலையில் இல்லை; வி வடிவத்தின் பள்ளத்தில், பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க்‌ஷாஃப்டுக்கு நேர் மேலே படுத்திருக்கிறது. அங்கிருந்துகொண்டு மேலே இருக்கும் வால்வை அசைக்க ஒரு கோல் வேண்டும். அதுதான் புஷ்ராடு.

எல்டி1-இன் புஷ்ராடு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பென்சில் பருமன், உள்ளே காலியான எஃகுக் குழாய். விளக்குக்கு நேராகப் பிடித்தால் மறுமுனையில் ஊசித்துளை அளவுக்கு வெளிச்சம் தெரியும். அந்தத் துளை வழியாகத்தான் எண்ணெய் மேலே ஏறி, வால்வை அழுத்தும் ராக்கர் கைகளை நனைக்கிறது. தள்ளுகிற கோலும் அதுவே, எண்ணெய் கொண்டுபோகும் குழாயும் அதுவே. இப்படி ஓர் என்ஜினுக்கு 16 கோல்கள். முதன்முதலில் இதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது, ஒரு சின்னக் குழாய்க்குள் இவ்வளவு யோசனையா என்று நெடுநேரம் கையிலேயே வைத்திருந்தேன். இன்றும் புதிதாக வருகிற பையன்களுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

இந்த அமைப்பின் ஆதாயம் அளவில் இருக்கிறது. கேம்ஷாஃப்ட் உள்ளே ஒளிந்திருப்பதால் சிலிண்டர் தலை சிறியதாகிறது. கொயோட்டியின் தலையில் இரண்டு கேம்ஷாஃப்டுகளுக்கு இடம் விட வேண்டும். அதனால் 5 லிட்டர் கொயோட்டி, 6.2 லிட்டர் எல்டி1-ஐவிட வெளி அளவில் அகலமானது. கொள்ளளவு குறைவு, பானட்டுக்குள் அடைக்கும் இடம் அதிகம். ஜெனரல் மோட்டார்ஸின் இந்த வகை என்ஜினை மாஸ்டா மியாட்டா போன்ற சின்னஞ்சிறு காருக்குள்கூட ஆர்வலர்கள் பொருத்துகிறார்கள் என்றால் இந்தக் கச்சிதம்தான் காரணம்.

உங்கள் நண்பர் சொன்ன 1950-களும் ஒரு வகையில் சரியே. 1955-இல் ஷெவர்லே 4.3 லிட்டர் வி8 ஒன்றைக் கொண்டுவந்தது. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையே அன்று வைத்த 4.4 அங்குல இடைவெளி எல்டி1-இலும் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த இடைவெளிக்குள் நடப்பது வேறு. அலுமினிய பிளாக், சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன், வால்வு திறக்கும் நேரத்தைச் சூழலுக்கு ஏற்ப மாற்றும் அமைப்பு, காற்றை 11.5-இல் ஒரு பங்காக நசுக்கும் அழுத்த விகிதம் (11.5-க்கு 1), இவையெல்லாம் உள்ள என்ஜின் இது. ஃபோர்டின் வழி வேறு. அதன் குடும்பத்தில் சிலிண்டர் இடைவெளி 100 மில்லிமீட்டர், ஏறத்தாழ 4 அங்குலம்தான். சிலிண்டர் துளையின் விட்டத்தைப் பெரிதாக்க இடமில்லை. 2018-இல் மெல்லிய உலோகப் பூச்சை சிலிண்டர் சுவராக்கிய பிறகுதான் துளை 92.2-லிருந்து 93 மில்லிமீட்டர் ஆனது. எல்டி1-இன் துளை 103.25 மில்லிமீட்டர். பெரிதாக்க முடியாதவர்கள் காற்றை வேகமாக உள்ளே இழுத்து, வேகமாகச் சுழற்றினார்கள்; பெரிதாக்க முடிந்தவர்கள் பெரிதாக்கினார்கள். உயர்ந்த சுழற்சி வேண்டும் என்றானபோது ஜெனரல் மோட்டார்ஸும் நான்கு கேம்ஷாஃப்டுக்கு மாறியது. 2023 கார்வெட் இசட்06-இன் 5.5 லிட்டர் என்ஜின் நிமிடத்துக்கு 8,600 சுழற்சி வரை போய் 670 குதிரைத்திறன் தருகிறது. ஆக, இரண்டு அமைப்புகளும் இரண்டு தேவைகளுக்கானவை. ஒன்றைப் பின்தங்கியது என்று சொல்வது தவறு.

சாலையில் இந்த வேறுபாடு எப்படித் தெரியும் என்று பார்ப்போம். 2018 மஸ்டாங் ஜிடிக்கு 460 குதிரைத்திறன். அது 7,000 சுழற்சியில் கிடைக்கிறது. முறுக்குவிசை, அதாவது என்ஜின் தன் தண்டைத் திருகும் விசை, 420 பவுண்டு-அடி. கமாரோ எஸ்எஸ்ஸுக்கு 455 குதிரைத்திறன், 6,000 சுழற்சியிலேயே. முறுக்குவிசை 455 பவுண்டு-அடி. ஸ்காட் பேக்கின் ஹெமிக்கு 485 குதிரைத்திறன், 475 பவுண்டு-அடி. குதிரைத்திறனில் மூன்றும் அண்ணன் தம்பிகள்தான். ஆனால் நெடுஞ்சாலையில் ஒரு லாரியைத் தாண்ட மெல்ல மிதிக்கும்போது உங்கள் முதுகை இருக்கையோடு அழுத்துவது முறுக்குவிசை. கமாரோவும் சாலஞ்சரும் கியர் இறங்காமலேயே 'இதோ' என்று இழுக்கும். மஸ்டாங் கியர் இறங்கி, சுழற்சி ஏறி, 5,000-ஐத் தாண்டியதும் குரல் மாறிப் பாயும். அந்த மேல்பாதிப் பாய்ச்சலின் இன்பம் மற்ற இரண்டிலும் கிடையாது. நகரத்துக்குள் தினசரி ஓட்டத்தில் நம் ஆட்கள் பிக்அப் என்று சொல்வது பெரிய என்ஜின்களில்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

'1970-லேயே ஹெமிக்கு 425 குதிரைத்திறன் இருந்ததே, ஐம்பது ஆண்டுகளில் இவ்வளவுதான் முன்னேற்றமா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கால எண்ணையும் இந்தக் கால எண்ணையும் அருகருகே வைக்கக் கூடாது. அன்று அளந்தது மொத்தத் திறன்: ஏர் ஃபில்டர், சைலன்சர், டைனமோ போன்ற சுமைகள் இல்லாமல் வெறும் என்ஜினைச் சோதனை மேடையில் ஓட்டி எடுத்த எண். 1972-லிருந்து, காரில் பொருத்திய நிலையில் உள்ள நிகரத் திறனை வெளியிடும் வழக்கம் வந்தது. ஈயமில்லாத பெட்ரோலுக்காக அழுத்த விகிதமும் அப்போது குறைக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்து எண்களைச் சரித்தன. 1970 காடிலாக் எல்டொராடோவின் 8.2 லிட்டர் என்ஜினுக்கு 400 என்று எழுதினார்கள். அதே அளவு என்ஜினுக்கு 1976-இல் எழுதியது 190. பாதி வீழ்ச்சி புகைக் கட்டுப்பாட்டால், பாதி அளவுகோல் மாறியதால் என்று பொதுவாகச் சொல்வார்கள். எதனால் எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிப்பது கடினம். இன்றைய 485 நிகர எண் என்பது உறுதி. அதனால் அன்றைய 425-ஐவிட அது காகிதத்தில் தெரிவதைக் காட்டிலும் வெகுதூரம் முன்னால் இருக்கிறது.

வேகத்தைப் பொறுத்தவரை, நின்ற இடத்திலிருந்து 60 மைல் வேகத்தை மூன்றுமே ஏறத்தாழ நான்கு முதல் நான்கரை விநாடிக்குள் தொட்டுவிடும். அதில் கால் விநாடிச் சண்டை போடுவது உங்களுக்குப் பயன்படாது. வளைவில்தான் கார்கள் பிரிகின்றன. கமாரோ, காடிலாக் ஏடிஎஸ் காரின் அடித்தளத்தில் கட்டப்பட்டது. மஸ்டாங்கோடு எடை கிட்டத்தட்ட சமம். இரண்டும் 1,700 கிலோவை ஒட்டியவை. ஆனால் ஸ்டீயரிங் திருப்பத்துக்குக் கமாரோவின் மூக்கு சொன்ன கணத்தில் திரும்பும். மூன்றில் ஓட்டுவதற்குச் சிறந்த கார் அதுதான், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சாலஞ்சர் இவற்றைவிட 200 கிலோவுக்கு மேல் கனமானது. அதன் வேர்கள் டாட்ஜின் தாய் நிறுவனமாக இருந்த கிரைஸ்லரும் மெர்சிடிஸ் நிறுவனமும் ஒன்றாக இருந்த காலத்தைச் சேர்ந்தவை. வளைவில் அது சாயும், யோசிக்கும். நேர்சாலையில் நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு வலிக்காது.

உட்புறத்துக்கு வருகிறேன், உங்கள் முடிவு இங்கேதான் இருக்கிறது. கமாரோவில் உட்கார்ந்ததும் ஜன்னல் கண்ணாடி உங்கள் தோளுக்கு மேலே தொடங்குவதுபோல் இருக்கும். கதவு உயரம், கண்ணாடி குட்டை. லேன் மாறுவதற்காகத் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தால் தடித்த தூண்தான் தெரியும், பக்கத்தில் வரும் கார் தெரியாது. அதே காரில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் அமைப்பும் இருக்கிறது: ஏசி காற்று வரும் வட்டத் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகினால் அதுவே வெப்பநிலையைக் கூட்டும், குறைக்கும். தனிப் பொத்தான் கிடையாது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கை தானாகப் போய்த் திருகும். இப்படி யோசித்தவர்கள் ஜன்னலையும் கொஞ்சம் யோசித்திருக்கலாமே என்ற வருத்தம் ஒவ்வொரு முறையும் வருகிறது. டிக்கியின் கொள்ளளவு 9.1 கன அடி. அதைவிடச் சிக்கல், அதன் வாய் மிகச் சிறியது. குழந்தையின் தள்ளுவண்டியை மடக்கி உள்ளே வைப்பதற்குள் வியர்த்துவிடும்.

மஸ்டாங்கில் பார்வை நன்றாக இருக்கிறது. நடுவில் விமானத்தில் உள்ளதுபோல் மேலும் கீழும் தட்டும் சுவிட்சுகள், டிக்கி 13.5 கன அடி. பிளாஸ்டிக் சில இடங்களில் மலிவாகத் தெரியும். பின்னிருக்கை கமாரோவைப் போலவே பேருக்குத்தான்; குழந்தை இருக்கை போடலாம், பெரியவர் உட்கார முடியாது. சாலஞ்சர்தான் மூன்றில் உண்மையான இடம் உள்ள கார். பின்னால் மூவருக்கு பெல்ட் உண்டு, இருவர் வலியில்லாமல் உட்காரலாம், டிக்கி 16.2 கன அடி. பொத்தான்களும் திருகிகளும் பெரியவை, கையுறை போட்டபடியே இயக்கலாம். 2021-இல் அமெரிக்காவில் சாலஞ்சர் விற்பனையில் மஸ்டாங்கையே முந்தியது. பத்திரிகைகள் ஓட்டத்துக்காகப் புகழ்ந்த கமாரோ இரண்டுக்கும் வெகு பின்னால் நின்றது. அதற்கு இந்தப் பின்னிருக்கையும் டிக்கியும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஆனாலும் மூன்றும் இரண்டு கதவுக் கார்கள். முன்னிருக்கையை மடக்கி, அந்தச் சந்து வழியாகப் புடவை கட்டிய ஓர் அறுபது வயது அம்மா உள்ளே போய் வருவதை நினைத்துப் பாருங்கள். மருத்துவமனைக்கு ஒரு நாள், கோயிலுக்கு ஒரு நாள், கடைக்கு ஒரு நாள் என்று ஆறு மாதம். அதன் பிறகு உங்களுக்கே அந்தக் கார் பிடிக்காமல் போய்விடும். அதனால் உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: டாட்ஜ் சார்ஜர் ஸ்காட் பேக், 2015 முதல் 2023 வரையிலான மாதிரி. சாலஞ்சரில் உள்ள அதே 6.4 லிட்டர் ஹெமி, அதே 485 குதிரைத்திறன், ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் வடிவமைத்த அதே 8 கியர் தானியங்கி கியர்பாக்ஸ். இரண்டும் கனடாவின் பிராம்ப்டன் ஆலையில் பக்கத்தில் பக்கத்தில் செய்யப்பட்டவை. இதற்கு நான்கு கதவுகள். கைக் கியர் கிடையாது, எடை இன்னும் கொஞ்சம் கூடுதல். கைக் கியர்தான் ஆசையின் உயிர்நாடி என்றால் மஸ்டாங் வாங்குங்கள், அம்மா இருக்கும் மாதங்களுக்கு வேறு ஏற்பாடு செய்யுங்கள். அப்படி இல்லையென்றால் சார்ஜர்தான் என் பதில். கமாரோ எனக்கு எவ்வளவு பிடித்த காராக இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

கோளாறுகளைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததையும் சர்ச்சையில் உள்ளதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். எல்டி1-இல் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் போவதால், உள்ளிழுக்கும் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. நாளடைவில் கரி படியும். இது உறுதி. 2018 முதல் கொயோட்டியில், சிலிண்டருக்குள்ளும் வால்வுக்கு முன்பும் பெட்ரோல் பீய்ச்சும் இரண்டு வகை இன்ஜெக்‌ஷனும் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. 2018 வரையிலான கமாரோவின் 8 கியர் தானியங்கியில் மெல்லிய வேகத்தில் நடுக்கம் வரும். கியர்பாக்ஸ் திரவத்தை மாற்றச் சொல்லி நிறுவனமே சேவை அறிவிப்பு வெளியிட்டது. இதுவும் உறுதி. எரிபொருள் மிச்சம் பிடிக்க நான்கு சிலிண்டர்களை ஓய்வுக்கு அனுப்பும் வசதி, தானியங்கி கியர்பாக்ஸ் உள்ள எல்டி1 கார்களிலும் ஹெமியிலும் இருக்கிறது. அந்த வசதிக்கான சிறப்பு லிஃப்டர்கள் (கேம்ஷாஃப்டின் அசைவைப் புஷ்ராடுக்குக் கொடுக்கும் சிறு பாகங்கள்) சாதாரண லிஃப்டர்களைவிட நுட்பமானவை, பழுதாகும் வாய்ப்பும் கூடுதல். ஹெமியில் லிஃப்டரின் உருளை தேய்ந்து கேம்ஷாஃப்டையே அரித்துவிடும் நோய் பலரும் அறிந்தது. அதற்கு நெடுநேரம் நின்றபடி ஓடுவதால் கேம்ஷாஃப்டுக்கு எண்ணெய் போதாமல் போவது காரணமா, உருளையின் பேரிங் தரமா, எண்ணெயைக் காலம் தாழ்த்தி மாற்றுவதா என்று தொழிலில் இருப்பவர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. புதிய கொயோட்டியில் சூடான பின் கேட்கும் தட்டச்சு இயந்திரம் போன்ற ஒலியும் அப்படித்தான். இயல்பு என்பவர்களும் உண்டு, தேய்மானம் என்பவர்களும் உண்டு.

பனியைப் பற்றி ஒரே வார்த்தை: இந்த நான்கு கார்களிலும் வி8 என்றால் பின்சக்கர ஓட்டம்தான். கோடை டயரோடு டிசம்பரில் வெளியே எடுக்காதீர்கள். குளிரில் அந்த ரப்பர் கல்லாகிவிடும். நல்ல குளிர்கால டயர் ஒரு செட் வாங்கும் பணத்தைக் கார் விலையோடே சேர்த்துக் கணக்குப் போடுங்கள். டாட்ஜின் பெரிய வி8 கார்கள் திருட்டுக்குப் பேர்போனவை என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன், குறிப்பிட்ட அந்தக் காரின் அடையாள எண்ணைக் கொடுத்துக் காப்பீட்டு விலை கேளுங்கள். மாநிலத்துக்கு மாநிலம், வயதுக்கு வயது அது மாறும். என் தொகையைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படாது.

கடைசியாக, காரைப் பார்க்கப் போகும் நாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப் பையன் பெரிய விற்பனைக்கூடம் ஒன்றில் வாங்கிய காரை நேராக எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தான். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினால், கார் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும் பரிசோதனைகளில் பாதி 'இன்னும் முடியவில்லை' என்று காட்டின. விற்பதற்குச் சற்று முன்புதான் யாரோ பழைய கோளாறுக் குறிகளை அழித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நூறு மைல் ஓடியதும் விளக்கு எரிந்தது. ஆறு மாதச் சேமிப்பு அவனுக்குப் பழுதுபார்ப்பிலேயே போனது. இருபது, முப்பது டாலருக்குக் கிடைக்கும் ஒரு சிறு ஸ்கேனர் அவனை அன்று காப்பாற்றியிருக்கும். நீங்கள் ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

முதல் நாளே விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். போனதும் பானட்டில் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்திருந்தால் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று கேளுங்கள். ஹெமியில் தொடக்கத்தில் டிக்டிக் என்று கேட்டு, சூடு ஏற ஏற மறைந்தால் பெரும்பாலும் என்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் உடைந்திருக்கும். செலவு உண்டு, ஆனால் விலையில் பேசிக் குறைத்துக்கொள்ளலாம். சூடான பிறகும் அதே ஒலி நீடித்தால், அதுவும் சுழற்சியோடு சேர்ந்து வேகமாகத் தட்டினால், லிஃப்டரைச் சந்தேகியுங்கள். அந்தக் காரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள்.